ஆராய்ச்சி மணி யார் கையில்?

திருவாரூர்த் தெருவிலே தேர் ஓடுகிறது. துள்ளி வந்த இளங்கன்று தேர்க்காலில் சிக்கித் துடித்து மாள்கிறது. தேரிலே அமர்ந்திருந்தவன் வேந்தனின் மைந்தன். தெருவிலே கிடந்ததோ வாயற்ற உயிர். தாய்ப்பசு என்ன செய்தது? அரண்மனை வாயிலுக்கு நடந்தது. அங்கே தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. மணி ஒலித்தது, மன்னன் இறங்கி வந்தான், மகனென்றும் பாராமல் முறை செய்தான். தொட்டிலிலே நாம் கேட்ட கதை இது. திருவாரூர்க் கோயிலின் பக்கத்திலே கல்தேராக இன்றும் நிற்கின்ற கதை.

நடந்ததா, புனைந்ததா என்ற வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்தக் கதையிலே நான் வியப்பது மன்னனின் நீதியைக்கூட அல்ல, மணிக்கயிற்றின் நீளத்தை! ஆம், தோழர்களே! அந்தக் கயிறு ஒரு பசுவுக்கு எட்டுகின்ற உயரத்திலே தொங்கிற்று. பட்டம் பெற்ற பசுவா அது? பரிந்துரைக் கடிதம் கொண்டுவந்த பசுவா? ஆங்கிலத்திலே விண்ணப்பம் எழுதத் தெரிந்த பசுவா? இல்லை. ஆயினும் எட்டிற்று, இழுத்தது, ஒலித்தது.

ஆனால், அந்த மணிக்கும் ஒரு குறை உண்டு. கன்று மாண்ட பின்னரே அது ஒலித்தது. நீதி கிடைத்தது; கன்று கிடைக்கவில்லை. கன்று மாளும் முன்னரே ஒலிக்கக்கூடிய மணி ஏதேனும் உண்டா? உண்டு. சென்ற நூற்றாண்டிலே அதை வார்த்தெடுத்தார்கள். அதற்கும் ஆராய்ச்சி என்றே பெயர். செயல்முறை அபாய ஆராய்ச்சி என்றும், இடர் மதிப்பீடு என்றும் பொறியியலார் அதனை அழைக்கின்றனர். ஆலையிலே எது, எப்போது, எப்படிக் கெட்டுப்போகக்கூடும் என்று, கெடுவதற்கு முன்னரே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கின்ற கலை அது. மணி இருக்கிறது. ஐயமில்லை. என் வினாவெல்லாம் ஒன்றே: அந்த மணியின் கயிறு யார் கைக்கு எட்டுகிறது?

இந்த வினா என் உள்ளத்திலே முளைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குடவாசல் கடைவீதியிலே ஒரு பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்குகிறேன். முப்பது வயது மதிக்கத்தக்க தோழர் ஒருவர் அருகே வந்தார். எரிவாயுத் தொழிலிலே ஒப்பந்தக் கூலி. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். “அண்ணே, இதிலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க” என்றார். விரித்தேன். ஆங்கிலம். இன்னார் இரண்டு நாட்கள் அபாயம் அறிதல், இடர் மதிப்பிடுதல் ஆகியவற்றிலே முறையாகப் பயிற்சி பெற்றார் என்று சான்றளிக்கிறது அந்தத் தாள்!

“என்ன தம்பி சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டேன். “திரையிலே படம் ஓடிச்சு அண்ணே. எல்லாம் இங்கிலீசு. டீ கொடுத்தாங்க. கையெழுத்து வாங்கினாங்க” என்றார். அவருடைய வேலை என்ன தெரியுமா? வால்வு திறப்பது, வால்வு மூடுவது. அபாயம் வருமானால் முதலிலே தொடப்போவது அவருடைய கையைத்தான். அந்தக் கையிலே இருப்பதோ, அவரால் படிக்க முடியாத சான்றிதழ்!

பக்கத்திலே நின்றிருந்த பெரியவர் ஒருவர், பொறியியல் பயின்றவர், நல்லவர், சிரித்தார். “அதெல்லாம் வரைபடமும் கணக்குமாக இருக்கும். படிக்காத ஆட்களுக்கு எப்படிப் புரியும்? அது நிபுணர்கள் காரியம்” என்றார். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். அந்தச் சொல் வால்வுத் தோழரைச் சுட்டதோ இல்லையோ, என்னைச் சுட்டது. அன்றிரவே உட்கார்ந்தேன், ஏடுகளைப் புரட்டினேன், விவரம் அறிந்தவர்களை நாடிக் கேட்டேன். இப்போது சொல்கிறேன்: புரியாது என்பது பொய்! புரியக்கூடாது என்பதே உண்மை!

புரிகிறதா இல்லையா, நீங்களே பாருங்கள். இங்கிலாந்து நாட்டிலே ஐ.சி.ஐ. என்ற பெரிய இரசாயன நிறுவனம். அங்கே 1960-களிலே உருவான முறை ஒன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. ‘ஹேசாப்’ என்று ஆலைகளிலே அதைச் சொல்கிறார்கள். பெயர் மிரட்டும், பொருள் மிரட்டாது. ஆலையின் ஒவ்வொரு குழாயையும், ஒவ்வொரு கலத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு சில சொற்களை வைத்துக் கேள்வி கேட்பது, அவ்வளவுதான். என்ன சொற்கள்? இல்லை, அதிகம், குறைவு, எதிர், கூடவே. இன்னும் இரண்டொன்று உண்டு. இவை போதும் இன்றைக்கு. ஐந்தும் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொற்கள்!

நமது ஊர் அரிசி ஆலைக்கு வாருங்கள். நெல் அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். உமி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது. இப்போது கேளுங்கள். தண்ணீர் ‘இல்லை’ என்றால்? அடியிலே நெருப்பு, மேலே வெற்று இரும்பு. இரும்பு பழுத்து இளகும். அந்த நேரத்திலே பதறிப்போய்த் தண்ணீரைப் பாய்ச்சினால், கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாகிக் கலத்தையே பிளக்கும். அழுத்தம் ‘அதிகம்’ என்றால்? காப்பு வால்வு திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டும். ஆவி வீணாகிறதே என்று அந்த வால்வை எவரேனும் கம்பியால் கட்டி வைத்திருந்தால்? தண்ணீர் வருவது ‘குறைவு’ என்றால், கண்ணாடிக் குழாயிலே மட்டம் இறங்குவதைக் காண ஆள் இருக்கிறானா, அல்லது மூட்டை தூக்கப் போயிருக்கிறானா? கொதிநீர் ‘எதிர்’த் திசையிலே, வந்த குழாய் வழியே திரும்பிப் பாய்ந்தால்? தண்ணீரோடு ‘கூடவே’ உப்பும் வந்தால்? ஆழ்குழாய்க் கிணற்றின் உவர்நீர் குழாய்களின் உட்புறத்திலே காறையாகப் படியுமே; சூடு உள்ளே ஏறாமல் இரும்பைத் தின்னுமே!

முடிந்தது பாடம். இதிலே புரியாதது எது? பொறியியலார் ஏட்டிலே எழுதிக் கண்டுபிடிப்பதில் பாதியை, பத்தாண்டு கொதிகலன் பக்கத்திலே நின்றவன் பார்வையாலேயே சொல்லிவிடுவானே! அந்த வால்வு ஒட்டிக்கொள்கிறது என்பது யாருக்குத் தெரியும்? வரைபடத்துக்குத் தெரியுமா? வரைபடத்திலே வால்வு எப்போதும் வேலை செய்யும்! அது ஒட்டிக்கொள்வது அதைத் திருப்புகின்ற கைக்குத்தான் தெரியும்.

இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க நாட்டிலே 1992-ஆம் ஆண்டு அபாயகரமான ஆலைகளுக்கென ஒரு விதி வகுத்தார்கள். அபாய ஆராய்ச்சிக் குழுவிலே, அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்து அனுபவமும் அறிவும் பெற்ற ஊழியர் ஒருவரேனும் இருந்தே தீரவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் ஆராய்ச்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அந்த விதி. தொழிலாளி மீது கொண்ட காதலாலா எழுதினார்கள்? இல்லை. அவனைக் கேட்காவிட்டால் ஆலை எரிகிறது என்று பட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார்கள்.

ஐந்து சொற்களைக் கேட்காமல் விட்டதனால் உலகம் கொடுத்த விலையைப் பாருங்கள். இங்கிலாந்திலே பிளிக்ஸ்பரோ என்றோர் ஊர். 1974-ஆம் ஆண்டு ஜூன் 1. ஆலையிலே ஒரு கலம் விரிசல் கண்டது. அதை எடுத்துவிட்டு, மீதிக் கலங்களை இணைக்கத் தற்காலிகக் குழாய் ஒன்றைப் போட்டார்கள். அந்தக் குழாய்க்கு வரைபடம் எங்கே போட்டார்கள் தெரியுமா? பட்டறைத் தரையிலே, சுண்ணக்கட்டியால்! அழுத்தம் அதிகமானால் அந்த வளைந்த குழாய் தாங்குமா என்று கேட்பார் இல்லை. குழாய் பிடுங்கிக்கொண்டது, ஆவி பரவியது, வெடித்தது. 28 பேர் மாண்டனர். சனிக்கிழமையாக இருந்தது, வேலைநாளாக இருந்திருந்தால் கணக்கு இன்னும் நீண்டிருக்கும்.

போபால்! அந்தப் பெயரைச் சொல்லும்போதே நா வறள்கிறது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு. நச்சுத் திரவம் நிறைந்த தொட்டியிலே தண்ணீர் புகுந்தது. ‘கூடவே தண்ணீர் வந்தால்?’ என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. குளிரூட்டும் பொறி நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கின்ற கோபுரமோ குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. காவலர் மூவர் இருந்தால் ஒருவர் உறங்கலாம், எல்லோரும் உறங்கினால்? ஊர் உறங்கிற்று, ஆயிரமாயிரம் பேர் எழவே இல்லை. செய்முறை ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இயக்கியவர்களிலே பலருக்குத் தெரிந்ததோ இந்தி. நனைத்த துணியை முகத்திலே மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியை முன்கூட்டி அந்த மக்களுக்குச் சொல்லியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்! சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982-லிருந்தே எழுதிக் கதறினார். அவர் இழுத்த கயிற்றிலே மணி இல்லை!

போபால் தொலைவென்பீர்கள். நம்மைப் போலவே நெல் விளையும் டெல்டாவுக்கு வாருங்கள்; கோதாவரி டெல்டா. நகரம் என்பது அந்தச் சிற்றூரின் பெயர். 2014 ஜூன் 27, பொழுது புலரும் வேளை. ஊருக்குள்ளே ஓடிய எரிவாயுக் குழாய் கசிந்தது, வாயு தெருவிலே தேங்கியது, பொறி பட்டது. உறங்கியவர் உறங்கியபடியே, தென்னை நின்றது நின்றபடியே கருகின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்தவர்கள் என்ன சொன்னார்கள்? உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயிலே, ஈரமும் கலந்த வாயு ஓடியது. ஈரம் இரும்பை அரித்தது என்றார்கள். மீண்டும் அதே சொல், தோழர்களே: ‘கூடவே’! வாயுவோடு கூடவே தண்ணீர் வந்தால் என்ன ஆகும்? ஒரு கேள்வி! ஒரே ஒரு கேள்வி! கசிகிறது, நாறுகிறது என்று ஊரார் முன்னமே முறையிட்டிருந்தார்கள். ஊரார் மூக்குக்கு மதிப்பில்லை, அளவுகோலுக்குத்தான் மதிப்பு. அந்த அளவுகோலோ அங்கே இல்லை.

இனி நம் வீட்டு முற்றத்தைப் பார்ப்போம். காவிரிப் படுகையிலே எண்ணெயும் வாயுவும் எடுப்பது நேற்றுத் தொடங்கியதல்ல. நரிமணத்து எண்ணெய், அதன் அருகே 1993-இல் எழுந்த சுத்திகரிப்பு ஆலை, குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் வாயுவால் இயங்கும் மின் நிலையங்கள், வயலுக்கு அடியிலே ஓடும் குழாய்கள். 2020-ஆம் ஆண்டிலே வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது, வரவேற்றோம். ஆனால், அதற்கு முன் வந்தவை அப்படியே இயங்கும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறதே! பழைய கிணறு, பழைய குழாய், பழைய வால்வு. அபாய ஆராய்ச்சி எதற்கு முதலிலே வேண்டும்? புதியதற்கா, பழையதற்கா? துருப்பிடிப்பது பழையதுதானே!

2017 ஜூன் 30-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கதிராமங்கலத்து வயலிலே எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஊரார் திரண்டார்கள், ஆட்சியர் வந்து பதில் சொல்லட்டும் என்றார்கள். பதில் வந்ததா? தடி வந்தது! கைது வந்தது! கசிந்த குழாய்க்குக் கட்டுப் போடுமுன் கசிகிறது என்று சொன்ன வாய்க்குக் கட்டுப் போட்டார்கள். அந்த மக்கள் கேட்டதென்ன? எங்கள் காலடியிலே என்ன ஓடுகிறது. அது உடைந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அவ்வளவுதானே! அது கலகமென்றால், தாய்ப்பசு மணியை இழுத்ததும் கலகந்தான்!

அவர்கள் கேட்டது சலுகையல்ல, சட்டம். 1989-ஆம் ஆண்டு அபாய இரசாயன விதிகள் தெளிவாகச் சொல்லுகின்றன: பெருவிபத்து நேரக்கூடிய இடத்தைச் சுற்றி வாழ்வோர்க்கு, அபாயத்தின் தன்மை என்ன, காப்பு என்ன, விபத்து நேர்ந்தால் செய்யத்தக்கதென்ன, செய்யத்தகாததென்ன என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். போபாலுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்திலே புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார்கள். தொழிலாளியும் நிர்வாகமும் சரிபாதியாக அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றார்கள். உடனடி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் தொழிலாளி எச்சரிக்கலாம், அது அவன் உரிமை என்றார்கள். இன்று பழைய சட்டங்களைத் திரட்டி, 2020-இல் இயற்றிய தொகுப்பு வந்திருக்கிறது. ஏட்டின் அட்டை மாறலாம். எச்சரிக்கும் உரிமை தேயக்கூடாது. இந்த உரிமையை நமது வால்வுத் தோழருக்கு எவரேனும் தமிழிலே படித்துக் காட்டினார்களா? இல்லை. கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்!

இங்கேதான் நான் கடைமடை விவசாயியைப் போலப் பேச வேண்டியிருக்கிறது. மேட்டூரிலே தண்ணீர் திறந்தாயிற்று என்று ஏடுகள் எழுதும். தலைமடையிலே மலர் தூவுவார்கள். கடைமடையிலே நாற்று காயும். பாதுகாப்பு அறிவும் அப்படித்தான். பெருநகரத்து விடுதியிலே, குளிர்ந்த அறையிலே, அதிகாரிகளுக்கு ஆங்கிலத்திலே பயிற்சி. அது தலைமடை. அங்கிருந்து இறங்கி, ஒப்பந்தக்காரரிடம் வந்து, துணை ஒப்பந்தக்காரரிடம் தேய்ந்து, வால்வைத் திருப்புகிறவனிடம் வரும்போது மிஞ்சுவது ஒரு தேநீரும் ஒரு கையெழுத்தும்! அபாயமோ எதிர்த்திசையிலே பாய்கிறது. அது கடைமடையிலே தொடங்குகிறது. தலைமடைக்குப் போகும்போது அறிக்கையாகிவிடுகிறது.

நெய்வேலியைக் கேளுங்கள். 2020 மே 7-ஆம் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்திலே கொதிகலன் வெடித்தது. தொழிலாளர் கருகினர். பாடம் கற்றார்களா? ஜூலை 1-ஆம் நாள், அதே அனல்மின் நிலையத்திலே இன்னொரு கொதிகலன் வெடித்தது! அன்றே ஆறு உயிர்கள். பிறகு மருத்துவமனையிலே ஒவ்வொன்றாக மேலும் பல. மாண்டவர்களிலே ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்! முதல் வெடிப்பு விபத்தென்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்குள்ளே நேர்ந்த இரண்டாவதற்கு என்ன பெயர்?

அதே மே 7-ஆம் நாள் விடியற்காலையிலே விசாகப்பட்டினத்தில் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் என்ற நச்சாவி பரவிப் பன்னிரண்டு பேரைக் கொன்றது. வெப்பம் ‘அதிகம்’, இறுகிவிடாமல் தடுக்கின்ற மருந்து ‘குறைவு’. அபாயச் சங்கு ஊதும் வசதி அந்த ஆலையிலே பல இடங்களில் இருந்தது. ஊதினார்களா? ஊதவில்லை என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழுவே எழுதிற்று! 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் வேளை. எண்ணூரிலே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் இருளிலே, இருமலோடு, குழந்தைகளை இடுப்பிலே வைத்துக்கொண்டு ஓடின. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகு. துணியை நனைத்து மூக்கை மூடு. இரண்டு வரிப் பாடம். எந்தப் பள்ளியிலே, எந்தத் தெருவிலே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நமது குடவாசலுக்கு ஒரு பழங்கதை உண்டு. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறைப்பட்ட குடவாயில் கோட்டம் இதுவே என்பது புலவர் பலரின் கருத்து. தாகம் எடுத்தது; தண்ணீர் கேட்டான். காலந்தாழ்த்தி, மதியாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேட்டபோது வராத நீரைக் குடிக்க மறுத்து உயிர் நீத்தான் அந்த மானமுள்ள மன்னன். புறநானூற்றிலே அவன் பெயரால் ஒரு பாட்டே இருக்கிறது. விபத்துக்குப் பிறகு வருகின்ற நிவாரணத் தொகையை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. வேண்டிய நேரத்திலே ஓர் எச்சரிக்கை தரவில்லை. உயிர் போன பின்னே ஒரு காசோலை! காலந்தாழ்ந்த தண்ணீர்!

நம்மையும் நான் விடப்போவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? விபத்து நேர்ந்தால் மலர்வளையம் கொண்டு ஓடுகிறோம். பத்து இலட்சம் போதாது, இருபத்தைந்து இலட்சம் வேண்டும் என்று முழங்குகிறோம். மாண்டவன் குடும்பத்துக்கு அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால், அவன் உயிரோடிருந்தபோது, ‘உன் ஆலையிலே அபாய ஆராய்ச்சி கடைசியாக எப்போது நடந்தது?’ என்று நம்மிலே எத்தனை பேர் கேட்டோம்? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்!

மறுப்புரைப்போர் சிலர் உண்டு. ‘அபாயத்தைச் சொன்னால் மக்கள் பீதி அடைவார்கள்’ என்பது முதல் மறுப்பு. புயல் வருகிறதென்று சொன்னால் பீதி அடைகிறோமா, மாட்டை அவிழ்த்துவிட்டு மேட்டுக்குப் போகிறோமா? வயலிலே எலி ஆண்டுதோறும் வரும். இழப்பு மரக்கால் கணக்கு. கஜா போன்ற புயல் எப்போதோ வரும்; ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் நாள் அது வந்தபோது ஒரு தலைமுறைத் தென்னையைச் சாய்த்துவிட்டது. எத்தனை முறை வரும், வந்தால் எவ்வளவு போகும் என்று இரண்டையும் பெருக்கிப் பார்ப்பதற்குத்தான் இடர் மதிப்பீடு என்று பெயர். விவசாயி அதைப் பிறவியிலேயே கற்றவன். அவனிடம் போய்ப் பீதி அடைவாய் என்கிறீர்களே! பீதி அறியாமையிலே பிறக்கிறது. அறிவிலே பிறப்பது ஆயத்தம்.

‘நீங்கள் தொழில் வளர்ச்சிக்கு விரோதிகள்’ என்பது இரண்டாவது மறுப்பு. யார் விரோதி? ஆலை வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். நெருப்பு வேண்டாம் என்று எவன் சொன்னான்? அடுப்புக்கு மேலே கீற்று வேயாதே என்கிறோம்! கும்பகோணத்திலே 2004 ஜூலை 16-ஆம் நாள் என்ன நடந்தது? சமையற்கூடத்துக் கூரையிலே பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள்! தொண்ணூற்று நான்கு! அங்கே இரசாயனம் இருந்ததா? பெருங்கலங்கள் இருந்தனவா? அடுப்பும் கூரையும் பக்கத்திலே இருக்கின்றனவே, பொறி பறந்தால் என்ன ஆகும் என்ற ஒற்றைக் கேள்வி இல்லை, அவ்வளவே. குழந்தைகள் கருகிய பின்னர், பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை எல்லாம் அகற்றச் சொன்னார்கள். ஒரு நாள் முன்னே சொல்லியிருந்தால்? அந்த ஒரு நாள்தான் தோழர்களே, அபாய ஆராய்ச்சி!

‘நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது மூன்றாவது. நிபுணர்களை நாம் பழிக்கவில்லை, அவர்கள் வேண்டும். கணக்கை அவர்கள் போடட்டும். ஆனால், அந்தக் கணக்கிலே நம் உயிரும் ஓர் எண்ணாக இருக்கிறதே! நம்மை எண்ணாக எழுதுகிறவர்கள், நம்மை ஆளாக மதித்து ஒரு நாற்காலி போடக்கூடாதா?

ஆகவே கேட்கிறோம். பயிற்சி தமிழிலே நடக்கட்டும். திரையிலே அல்ல, ஆலைத் தளத்திலே, அந்த வால்வின் பக்கத்திலே நின்று நடக்கட்டும். நிரந்தர ஊழியனுக்குள்ள அதே பயிற்சி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்கட்டும். அபாய ஆராய்ச்சிக் குழுவிலே தளத்திலே உழைக்கின்றவன் ஒருவன் அமரட்டும். அவன் சொன்னது ஏட்டிலே ஏறட்டும். ஏறியது எப்போது சரிசெய்யப்பட்டது என்று தேதியும் எழுதப்படட்டும். குழாய் ஓடும் ஊர்களின் கிராம சபையிலே, அபாயம் இன்னது, ஓடவேண்டிய வழி இது என்று உரக்கப் படிக்கட்டும். ஆண்டுக்கொரு முறை சங்கு ஊதி ஒத்திகை நடக்கட்டும். 1996-ஆம் ஆண்டு விதிகள் மாவட்டத்திலும் வட்டாரத்திலும் நெருக்கடிக் குழு வேண்டும் என்கின்றன. அந்தக் குழு கூடுகிறதா, கூடியபோது என்ன பேசிற்று என்று மக்கள் அறியட்டும்.

நமது கிளைகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். படிப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிறோமே, அங்கே வாரத்தில் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற கொதிகலன் ஆளைக் கூப்பிடுங்கள். பொறியியல் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். இருவரையும் ஒரே பெஞ்சிலே உட்கார வையுங்கள். ஊரின் அரிசி ஆலையிலிருந்து தொடங்குங்கள். கரும்பலகையிலே ஐந்து சொற்களை எழுதுங்கள்: இல்லை, அதிகம், குறைவு, எதிர், கூடவே. அன்று மேடையருகே சிரித்த அந்தப் பெரியவரிடம் நான் மீண்டும் போனேன். ‘நீங்கள் வந்து கற்றுக்கொடுங்கள்’ என்று அழைத்தேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு வருகிறேன் என்றார். நானோ நாடகக்காரன், இந்த ஐந்து சொற்களையும் ஐந்து பாத்திரங்களாக்கி மேடையேற்ற எழுதத் தொடங்கிவிட்டேன். குழாய் ஓடுகின்ற ஊர்தோறும் அது ஆடப்படும்.

தாய்ப்பசு மணியை இழுத்தபோது அதன் கன்று மாண்டு கிடந்தது. நம்முடைய கன்றுகள் இன்னும் துள்ளுகின்றன. வயலிலே, பள்ளியிலே, குழாய் ஓடும் வரப்பின் மேலே துள்ளுகின்றன. தேர் வருகிற ஓசை கேட்கிறது. கயிறு உயரத்திலே, ஆங்கிலத்திலே, பூட்டிய அறையிலே தொங்குகிறது. அதைக் கீழே இறக்குவோம். நம் கைக்கு எட்டும்வரை இறக்குவோம். கன்று மாளும் முன்னே ஒலிக்கட்டும் ஆராய்ச்சி மணி!